அடுத்த வண்டி அக்கா

செஞ்சிக்கு ரயில் கிடையாது. வரப்போகிறது, வரப்போகிறது என்று என் நைனா டவுசர் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே சொன்னார்களாம். நைனாவுக்கு மூட்டு வலி வந்துவிட்டது, ரயில் இன்னும் வரவில்லை. எங்கே போவதென்றாலும் முதலில் பஸ் ஏறித் திண்டிவனம் போக வேண்டும். அங்கே இறங்கி மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் ரயில் போயே போச்சு. ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறுவதென்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கலக்கம்தான்.

அந்தக் கலக்கத்துக்கு மருந்து கொடுக்கிறவளாக ஒரு அக்கா இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு ஃபேன். மூன்றில் ஏதாவது இரண்டுதான் ஒரே நேரத்தில் ஓடும். சிங்கவரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருவாள். சாதிச் சான்றிதழுக்கு அப்ளை பண்ணுவது, பரீட்சைக்கு ஃபீஸ் கட்டுவது எல்லாம் உண்டு என்றாலும் அவள் பேர் வாங்கியது ரயில் டிக்கெட்டில்தான். டிக்கெட் போட்டுக் கொடுப்பதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பாள்.

“இத வுட்டா?”

அதாவது, இந்த வண்டியைத் தவறவிட்டால் அடுத்து என்ன செய்வாய் என்று அர்த்தம். நமக்குப் பதில் தெரியாது. அவளுக்குத் தெரியும். டிக்கெட்டின் பின்பக்கம் நீலப் பேனாவால் அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி, அதையும் விட்டால் எந்த பஸ் என்று எழுதித்தான் கையில் கொடுப்பாள். ஊரில் அவளுக்கு ‘அடுத்த வண்டி அக்கா’ என்றே பேராகிவிட்டது. நிஜப் பேரைக் கேட்டால் எனக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒரு தடவை நான் ஃபோட்டோ பிரிண்ட் எடுக்கக் காத்திருந்தபோது, செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்துக்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பையனுக்குப் பெண் பார்க்க மதுரைக்குக் குடும்பத்தோடு போகிறோம், டிக்கெட் போடம்மா என்றார். இவள் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு “இத வுட்டா?” என்றாள்.

“எத வுட்டா? பொண்ண இன்னும் பாக்கவே இல்லியேம்மா. அதுக்குள்ள வுட்டா இன்னா பண்ணுவன்னு கேக்குற?”

“அய்ய, வண்டியக் கேட்டேண்ணா.”

“நல்ல காரியத்துக்குப் போறப்ப இந்தப் பேச்சு எதுக்கு?” என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அக்கா அசரவில்லை. அவர் பார்க்காதபோது டிக்கெட் பின்னால் எழுதித்தான் கொடுத்தாள்.

இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று கேட்டேன். தன் கல்யாணத்தில் வந்தது என்றாள். அவளுடைய தாய்மாமன் மும்பையில் இருந்தார். பத்திரிகையில் ‘செஞ்சி’ என்று போட்டிருந்ததைப் பார்த்து, ரயிலில் செஞ்சிக்கு டிக்கெட் கேட்டிருக்கிறார். ரயில்வேயிலும் ஒரு செஞ்சி இருக்கிறது, செஞ்சி பானம்பாக்கம் என்று, திருவள்ளூர் பக்கத்தில். மாமா அரக்கோணத்தில் மாறி அங்கே போய் இறங்கி, கோட்டை எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இங்கே மண்டபத்தில் முகூர்த்தம் நெருங்குகிறது. தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க மாட்டேன் என்று அவளுடைய அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆளுக்கு ஒரு பக்கம் கத்துகிறார்கள். அப்போது கல்யாணப் பெண்ணே தலையை நிமிர்த்தி ஐயரைப் பார்த்து, “இத வுட்டா அடுத்த முகூர்த்தம் எத்தினி மணிக்கு?” என்று கேட்டாளாம். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பத்தரைக்கு மேல் ஒன்று இருக்கிறது என்றார். கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். மாமா பத்தேகாலுக்கு வாடகைக் காரில் வந்து சேர்ந்தார்.

“அது வரைக்கும் அத்தினி பேர் இருந்தாங்க பாப்பா. ஒருத்தருக்கும் அதக் கேக்கத் தோணல பாரு,” என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் ஸ்டூல் ஆடும்.

நான் நர்ஸ். வல்லம் பக்கம் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சில வருஷங்களுக்கு முன்னால், ராத்திரி டியூட்டியும் ஜெர்மன் வகுப்புமாகத் தூக்கமில்லாமல் படித்துப் பரீட்சை பாஸ் பண்ணி, ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கினேன். திங்கட்கிழமை காலை வேலையில் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் விமானம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது. அங்கேயே ரயிலேறி அன்றைக்கே ஊர் போய்ச் சேர வேண்டும். நர்ஸ் விடுதியின் அலுவலகம் மாலை ஆறு மணி வரைதான். அதற்குள் போனால் அறைச் சாவி. தவறினால் திங்கட்கிழமைதான் மறுபடி திறப்பார்கள். யாரையும் தெரியாத ஊரில் மூன்று ராத்திரி எங்கே போய்த் தங்குவேன்? வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள்.

சென்னை ஏஜென்ட் ஒருவர் விமான டிக்கெட், ரயில் டிக்கெட் இரண்டையும் போட்டு அனுப்பியிருந்தார். பன்னிரண்டரைக்கு விமானம் இறங்கும், ஒன்று இருபத்தைந்துக்கு ரயில். பிரிண்ட் எடுக்க அக்காவிடம் போனேன். பெருமையாகத்தான் நீட்டினேன்.

“அம்பத்தஞ்சு நிமிசமா?” என்றாள். “பாஸ்போர்ட்ட பாக்கற க்யூ, பொட்டி வர்ற பெல்ட்டு, அப்புறம் ஸ்டேசன தேடணும். திண்டிவனத்துலயே நீ அரை மணி நேரம் தேடுவ. சரி, இத வுட்டா?”

“அதே டிக்கெட்ல அடுத்த ரயில்ல ஏறிக்குவேன்.”

அவள் டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை ஃபோனில் படம் பிடித்துத் தமிழில் மாற்றிப் பார்த்தாள். அது மலிவு டிக்கெட். அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். நான்கு வருஷம் ஜெர்மன் படித்தவள் நான், அதைப் படிக்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் அவள் அந்த அக்காவே இல்லை. ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தையும் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“லெட்டர்ல ஊர் பேருக்குப் பின்னால இன்னும் ரெண்டு மூணு வார்த்த இருக்குது. டிக்கெட்ல வேற வார்த்த இருக்குதே.”

“நொய்ஷ்டாட்தான்க்கா ஊரு. பின்னால வர்றது ஆத்துப் பேரு, அது இதுன்னு ஏதாவது சேத்துப் போடுவாங்க.”

“நொய்ஷ்டாட்னா இன்னா அர்த்தம்?”

“புது ஊர்.”

“புது ஊரா? புதூரா?” ஸ்டூல் ஆட ஆரம்பித்தது. “ஏன் பாப்பா, இங்கேர்ந்து திண்டிவனம் போறதுக்குள்ள எத்தினி புதூரு இருக்குது? ஜெர்மன்காரன் மட்டும் ஒண்ணோட நிறுத்தியிருப்பானா? பின்கோடு இன்னா, சொல்லு.”

கடிதத்தில் இருந்த பின்கோடை அவள் மேப்பில் தட்டினாள். என் ஆஸ்பத்திரி இருக்கும் புதூர் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குக் கிழக்கே, ஐஷ் என்கிற ஆற்றங்கரையில். டிக்கெட் போட்டிருந்த புதூர் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில். ஏஜென்ட்டுக்கு ஃபோன் போட்டால், “ரெண்டும் ஜெர்மனிதானே மேடம்?” என்றார். அக்கா ஃபோனை என் கையிலிருந்து வாங்கி, “செஞ்சிக்கு வாங்க சார், மாமாவோட ஒரு வாட்டி உக்காந்து பேசுங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஆளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

பிறகு அவளே உட்கார்ந்து புதுத் திட்டம் போட்டாள். எந்த வண்டியிலும் ஏறலாம் என்கிற டிக்கெட்டாக எடுத்தோம், விலை கூடத்தான். ஒன்று நாற்பதுக்கு ஒரு ரயில், வூர்ட்ஸ்பூர்க் என்ற ஊரில் மாறி நாலு இருபதுக்குப் போய்ச் சேரும். அதை விட்டால் இரண்டு நாற்பது, ஐந்து இருபதுக்குச் சேரும்.

“அத்த வுட்டா?” என்றாள்.

“மூணு நாப்பது. ஆறு இருபதுக்குப் போவும்,” என்று திரையைப் பார்த்துச் சொன்னேன்.

“சாவி ஆறு மணிக்குன்னியே. அப்ப?”

“அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. எல்லாத்தையும் வுட்டா வுட்டான்னு கேட்டுக்கினே இருந்தா எப்படி? தப்பாவே நடக்கும்னுதான் நெனைப்பியா?” எரிச்சலில் குரலை உயர்த்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “வண்டி நமக்காவவா ஓடுது பாப்பா? அது பாட்டுக்கு ஓடுது,” என்றாள். என் கடிதங்களை எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ் போட்டுக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் செய்ததை ஊரில் இப்போதும் சிலர் சொல்லிச் சிரிப்பதுண்டு. என் இரண்டு பெட்டிகளிலும் ஜெராக்ஸ் பேப்பர் கட்டுகளை எடைக்கு எடை அடுக்கி, என்னையும் இழுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள். ஒத்திகையாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஃபோனில் டைமரைத் தட்டினாள். “இதான் ஏர்போட்டு. ஸ்டேசனுக்கு நட.” நல்ல வெயில். நான் இரண்டு பெட்டியையும் இழுக்க, அவள் ஒரு கைகூடக் கொடுக்காமல் பின்னாலேயே வந்தாள். வழியில் என் நைனாவின் சிநேகிதர் ஒருவர் பைக்கை நிறுத்தி, “ஜெர்மனிக்கா போற? இன்னிக்கேவா?” என்று கேட்டார்.

“இல்லண்ணா, எங்கியும் போல,” என்றாள் அக்கா.

“அப்ப பொட்டி?”

“அதுல பேப்பரு.”

அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். அன்று சாயந்திரமே நைனாவிடம், பொண்ணுக்குப் படிச்சுப் படிச்சு ஏதோ ஆயிடுச்சு என்று சொல்லியிருக்கிறார்.

பிளாட்ஃபாரப் படிக்கட்டில் என் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்றது. மேலே போய்ச் சேர்வதற்குள் விழுப்புரம் வண்டி எங்கள் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது. அக்காவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். “பாத்தியா, வுட்டாச்சு. ஒரு பொட்டிதான் நீ தாங்குவ.” அந்த ஒரு பெட்டியில் அடங்காமல் நின்றுபோனவை அம்மா போட்ட ஆவக்காய் ஊறுகாய், இரண்டு கிலோ இட்லி அரிசி, குக்கர். அம்மா இரண்டு நாள் அக்காவின் பெயரைச் சொல்லாமல் ‘அந்தப் பொம்பள’ என்றே சொன்னாள்.

கிளம்புகிற அன்று கடையைச் சாத்திவிட்டு பஸ்ஸடிக்கு வந்தாள். எங்கள் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த ஜெபமாலையை அம்மா என் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நீயும் உங்கள் பெருமாளிடம் வேண்டிக்கொள் அக்கா என்றேன். “எங்க ஊர்ப் பெருமாள் படுத்துனு இருக்கறவரு. அவசரத்துக்கு எழுந்து வரமாட்டாரு. உங்க மாதாதான் நின்னுனு இருக்காங்க, அவங்ககிட்டயே சொல்லிடு,” என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். அத்தோடு ஊறுகாய்க் கோபம் தீர்ந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். இடையில் விமானம் மாறுகிற ஊரிலேயே ஒன்றேகால் மணி நேரம் தாமதம். ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கும்போது ஒன்றே முக்கால். முதல் ரயில் அப்போதே போய்விட்டது. பாஸ்போர்ட் க்யூ, பெட்டி. பிளாட்ஃபாரத்துக்கு ஓடியபோது இரண்டு நாற்பதின் வால்தான் தெரிந்தது. இரண்டு பெட்டி இருந்திருந்தால் அந்த வாலையும் பார்த்திருக்க மாட்டேன். மூன்று நாற்பதில் ஏறினேன். ஆறு இருபதுக்குப் போய்ச் சேருவேன், இருபது நிமிடம்தானே, யாராவது இருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வண்டி ஒரு வயல்வெளிக்கு நடுவில் நின்றது. ஏதோ அறிவித்தார்கள். படித்த ஜெர்மன் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, ஒரு வார்த்தை புரியவில்லை. வூர்ட்ஸ்பூர்க்கில் மாற வேண்டிய சின்ன ரயிலும் தப்பியது. அக்காவுக்கு ‘எல்லாத்தையும் வுட்டுட்டேன்’ என்று மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது. ‘ஏழு இருபதுக்கு சேர்ற வண்டி இருக்குது. ஏறு.’ ஏறி என்ன செய்வது என்று அதில் இல்லை.

ஜூன் மாதம் என்பதால் ஏழரைக்கும் அங்கே நல்ல வெயில். பெட்டியை இழுத்துக்கொண்டு விடுதியைக் கண்டுபிடித்தேன். கதவில் அலுவலக நேரம் ஆறு மணி வரை என்று பலகை. எனக்குப் புரிந்த முதல் ஜெர்மன் வாக்கியம் அதுதான். அழுகை வந்துவிட்டது. படியில் உட்காரப்போனேன்.

கதவு திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர், என் பெயரைக் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவான, சுத்தமான ஜெர்மனில், “நீ இந்த வண்டியில் வந்திருக்கிறாய் என்றால், நாலாவது,” என்றார். கையில் ஒரு தாள் இருந்தது. இரண்டு நாள் முன்னால் அவருக்கு வந்த மின்னஞ்சலாம். என்னிடம் நீட்டினார்.

அக்கா தமிழில் எழுதி, கம்ப்யூட்டரில் ஜெர்மனுக்கு மாற்றி, கல்லாவுக்குக் கீழே வைத்திருந்த என் கடிதத்தில் இருந்த முகவரிக்கு, ஜெராக்ஸ் கடை மின்னஞ்சலில் இருந்து அனுப்பியது. ‘விட்டால்’ என்கிற வார்த்தையை அந்த மிஷின் மாட்டை அவிழ்த்துவிடுவதுபோலப் புரிந்துகொண்டிருந்தது.

‘மரியாதைக்குரிய அம்மா, எங்கள் ஊர்ப் பெண் வெள்ளிக்கிழமை நாலு இருபது ரயிலில் வருகிறாள். அவள் அந்த ரயிலை அவிழ்த்துவிட்டால் ஐந்து இருபது. அதையும் அவிழ்த்துவிட்டால் ஆறு இருபது. அதையும் அவிழ்த்துவிட்டால் ஏழு இருபது. எட்டு இருபதும் இருக்கிறது. கண்டிப்பாக வந்துவிடுவாள். நன்றாகப் படித்த பெண், பயந்த சுபாவம், பசி தாங்க மாட்டாள். உங்கள் ஊரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. தயவுசெய்து கதவைப் பூட்ட வேண்டாம்.’

படித்து முடித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிற்பாடு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஃபோனில் சண்டை போட்டதற்கு அக்கா சொன்னாள்: “சொன்னா நீ மெதுவா நடப்ப.”

அந்த அம்மா என்னை உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “இத்தனை ரயில்களை ஏன் அவிழ்த்துவிட்டாய்?” என்று கேட்டார். கிண்டல்தான். பிறகு தாளைக் காட்டி, இதை எழுதியது யார், உன் அம்மாவா என்றார்.

இல்லை என்றேன். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடைக்காரி என்று சொல்ல எனக்கு ஜெர்மன் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

“என் அக்கா,” என்றேன். “கூடப் பிறந்தவள்.”

அவர் மேஜையில் நான் எழுதி அனுப்பிய விடுதி விண்ணப்பம் விரிந்து கிடந்தது. உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். அந்த அம்மா அதை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பேனாவை எடுத்து ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘ஒன்று’ என்று எழுதினார். சாவியைக் கையில் கொடுத்தார்.